தண்ணீருக்கு முன் தேங்காய் விலை

நெளுக்குளத்தில் இராசமலரின் வீட்டுக்கு யார் போனாலும் முதலில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லவேண்டும். படலையைத் திறந்து உள்ளே கால் வைத்ததும் அவள் வந்து எதிரே நிற்பாள். "வாங்கோ" என்பாள். அடுத்த மூச்சிலேயே, "உங்கட பக்கம் தேங்காய் என்ன விலை போகுது?" என்பாள். பதில் வரும்வரை கதிரையும் வராது, செம்பில் தண்ணீரும் வராது. பதில் வந்துவிட்டால் எல்லாம் வரும். அந்த வீட்டிலிருந்து வெறும் வயிற்றோடு திரும்பியவர் ஒருவரும் இல்லை. ஆனால் ஒழுங்கு மட்டும் மாறாது. விலை முன்னே, தண்ணீர் பின்னே.

ஏழு வருசமாக இப்படித்தான். போன வருசம் அவளுடைய மகள் பத்மாசனியைப் பெண் பார்க்கப் பரந்தனிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அவர்களும் முற்றத்து வெயிலில் நின்றுதான் பதில் சொன்னார்கள். மாப்பிள்ளையின் தாய் ஒன்றும் விளங்காமல் புருசனைப் பார்த்து, பிறகு "இருபத்தெட்டுச் சதம்" என்று சொன்ன பிறகே பாய் விரிக்கப்பட்டது. அந்தச் சம்பந்தம் ஒப்பேறியதே பெரிய காரியம் என்று அயலவர் இன்றைக்கும் சொல்கிறார்கள்.

அவளுக்கு மண்டையில் ஏதோ பிசகு என்று நினைப்பவர்களும் உண்டு. அப்படி நினைப்பவர்கள் ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபத்தோராம் ஆண்டு பங்குனி மாதம் அந்த வீட்டில் நடந்ததை அறியாதவர்கள்.

இராசமலர் மிருசுவிலில் பிறந்தவள். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். கலியாணம் முடித்துச் சில வருசத்தில், குடியேற்றத் திட்டத்தில் வயற்காணி கிடைக்கும் என்ற கதையை நம்பிப் புருசன் ஐயாத்துரை அவளை வவுனியாவுக்குக் கூட்டிவந்தான். காணிப் பட்டியல் மூன்று தரம் வந்தது. மூன்றிலும் அவன் பெயர் இல்லை. திரும்பிப் போக வெட்கமாக இருந்தது. நெளுக்குளத்தில் ஒரு துண்டு வளவில் கொட்டில் போட்டுக்கொண்டு, மற்றவர்களின் வயலில் விதைப்புக்கும் வெட்டுக்கும் கூலிக்குப் போனான். விதைப்புக்கும் வெட்டுக்கும் இடையில் இருக்கும் மாதங்களில் வீட்டில் அடுப்பு எரியவேண்டுமே. அதற்காகத்தான் இராசமலர் ஐம்பத்துநாலில் அப்புத்துரையின் அரிசி ஆலைக்குப் போனாள்.

மன்னார் வீதியோரம் இருந்த ஆலை அது. நெல்லை ஊறப்போட்டு, அவித்து, சீமெந்துத் தளத்தில் பரவிக் காயவைப்பது பெண்களின் வேலை. பதினேழு பெண்கள். பரவிய நெல்லுக்குள் காலை இழுத்து இழுத்து நடந்து, வரிவரியாகக் கீறிப் புரட்டவேண்டும். அரை மணித்தியாலத்துக்கு ஒரு தரம் புரட்டாவிட்டால் மேல் காய்ந்து கீழ் புழுங்கிவிடும். எந்த நேரம் நெல்லை அள்ளலாம் என்பதை இராசமலர் உள்ளங்காலால் சொல்லிவிடுவாள். பல்லில் வைத்துக் கடித்துப் பார்ப்பது மற்றவர்களைத் திருப்திப்படுத்துவதற்காகத்தான். மத்தியான வெயிலில் சீமெந்து தோசைக்கல்லாகக் கொதிக்கும். அவளுடைய குதிக்கால் வெடிப்புக்குள் பத்துச் சதக் காசைச் செருகலாம் என்று சபூறா பகிடி பண்ணுவாள். செருக ஒரு பத்துச் சதம் தந்துவிட்டுப் பகிடி பண்ணு என்பாள் இராசமலர்.

சபூறா சாளம்பைக்குளத்துப் பெண், இராசமலரிலும் ஏழெட்டு வயது இளையவள், புருசனை இழந்தவள். நெளுக்குளத்தில் தமையன் வளவில் இருந்துகொண்டு ஆலைக்கு வந்துபோனாள். இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து வரியில் கால் இழுப்பார்கள்.

அறுபதாம் ஆண்டில் ஒருநாள் அப்புத்துரை இயந்திர அறைக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு கடதாசியை ஒட்டினார். சட்டப்படி ஒட்டவேண்டுமாம். அரசாங்கம் நாட்கூலிக்கு ஒரு குறைந்த அளவு வைத்திருக்கிறது, அதற்குக் கீழே கொடுக்கக்கூடாது என்றார். பெண்களுக்குச் சந்தோசம். இராசமலர் விரலை வைத்து எழுத்துக் கூட்டி வாசித்தாள். வாசிக்க வாசிக்க முகம் மாறியது.

கடதாசியில் இரண்டு நிரல் இருந்தன. நகர எல்லைக்குள் இருக்கும் ஆலைகளில் நாளுக்கு இரண்டு ரூபாய் பத்துச் சதம். எல்லைக்கு வெளியே ஒரு ரூபாய் அறுபத்தைந்து சதம்.

நகர எல்லை எங்கே இருக்கிறது? அப்புத்துரையின் ஆலையிலிருந்து வவுனியாப் பக்கமாக நடந்தால், மதகுக்குப் பக்கத்தில் வெள்ளை பூசின ஒரு கல் நிற்கிறது. அதுதான் எல்லை. அந்தக் கல்லுக்கு அங்காலே இருந்த ஆலையிலும் இதே நெல்தான், இதே வெயில்தான், இதே கால் இழுவைதான். கல்லுக்கு அங்காலே இழுக்கிற காலுக்கு நாற்பத்தைந்து சதம் கூட.

இராசமலர் அப்புத்துரையிடம் கேட்டாள். அவர் கெட்டவர் என்று சொல்ல முடியாது. கடதாசியில் இருப்பதைத்தான் கொடுக்கிறேன், ஒரு சதமும் குறைக்கவில்லை என்றார். நாட்டுப்புறத்தில் வாழ்க்கைச் செலவு குறைவு என்று கொழும்பில் கணக்குப் பார்த்து வைத்திருக்கிறார்களாம். அதோடு இன்னொன்றும் சொன்னார். முன்பு சனிக்கிழமைகளில், ஆலையில் உடைந்துபோகிற அரிசிக் குறுணலை ஆளுக்கு ஒரு சுளகு கொடுத்துவந்தார். இனிமேல் சட்டப்படி காசு வந்துவிட்டதால் குறுணல் இல்லை. சட்டம் வந்த அன்றைக்கே வீட்டில் கஞ்சி மெலிந்தது.

வாழ்க்கைச் செலவு குறைவாம். இந்தச் சொல்லை நினைக்கும்போதெல்லாம் இராசமலருக்குப் பற்றிக்கொண்டு வரும். நெளுக்குளத்தில் ஒரே கடை மஜீத் நானாவுடையது. அவர் சாமான் முழுவதையும் வவுனியாவில்தான் வாங்குகிறார். வாங்கி, சைக்கிளில் கட்டி, வெயிலில் மிதித்துக்கொண்டு வருகிறார். மிதித்ததற்கு ஒரு சதம் இரண்டு சதம் வைக்காமல் அவர் எப்படிச் சீவிப்பது? பட்டணத்தில் பதினெட்டுச் சதம் போகிற தேங்காய் இங்கே இருபத்துமூன்று. மண்ணெண்ணெய் போத்தலுக்கு நாலு சதம் கூட. சவர்க்காரம், சீனி, நெருப்புப்பெட்டி, எதை எடுத்தாலும் கூட. போய்ப் பட்டணத்திலேயே வாங்கலாம் என்றால் பஸ்ஸுக்குப் போக வரக் காசு, அரைநாள் கூலியும் போச்சு. நகரத்துக்காரி விலை குறைந்த இடத்தில் இருந்துகொண்டு கூடின சம்பளம் எடுக்கிறாள். நாட்டுப்புறத்துக்காரி விலை கூடின இடத்தில் இருந்துகொண்டு குறைந்த சம்பளம் எடுக்கிறாள். நாலாம் வகுப்புப் படித்தவளுக்கு விளங்குகிற இந்தக் கணக்கு கொழும்பில் இருக்கிறவர்களுக்கு ஏன் விளங்கவில்லை?

பெட்டிசம் எழுதலாம் என்று அவள்தான் சொன்னாள். எழுதத் தெரிந்த ஒரே ஆள் உப தபாற்கந்தோர் யோகநாதன். அவர் பேனையை எடுத்ததும் தமிழ் வெள்ளம்போல் வந்தது. தேங்காய் விலையையும் மண்ணெண்ணெய் விலையையும் போடுங்கோ என்று இராசமலர் இரண்டு தரம் சொன்னாள். பெட்டிசத்தில் தேங்காயும் மண்ணெண்ணெயும் எழுதினால் மரியாதை இல்லை என்று அவர் மறுத்துவிட்டு, "வாழ்க்கைச் செலவு தாங்கொணா நிலையை எய்தியுள்ளது" என்று எழுதினார். படித்த மனிதரோடு எப்படி வாதாடுவது? பதினேழு பேரும் கையெழுத்தோ கைவிரல் அடையாளமோ வைத்தார்கள். முதலாவது பெயர் இராசமலருடையது.

எட்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. அந்தப் பகுதியில் ஒரு தொழிலாளியின் குடும்பம் எப்படிச் சீவிக்கிறது என்பதை நேரில் பார்த்து எழுத ஒரு உத்தியோகத்தர் வருவார். முதலாவது விண்ணப்பதாரியின் வீட்டுக்கு, இன்ன தேதி, காலை பத்து மணிக்கு.

முதல்நாள் தளத்தில் வேறு கதையே இல்லை. அந்த உத்தியோகத்தர் எழுதுவதைப் பொறுத்துத்தான் நாற்பத்தைந்து சதம். ஒரு கிழமைக்கு இரண்டு ரூபாய் எழுபது. அந்தக் காசில் யார் எதை வாங்குவது என்றுகூடச் சிலர் பேசத் தொடங்கிவிட்டார்கள். இராசமலருக்கு மழைக்கு முன் கூரை மேயக் கிடுகு வேண்டும். போன மாரியில் பாயை மூலைக்கு மூலை இழுத்ததே போதும் என்றிருந்தது. சபூறாதான் புத்தி சொன்னாள்.

"ஒண்டையும் மறைக்காதேங்கோ மலரக்கா. நாளைக்கு வழமையாச் சமைக்கிறதையே சமையுங்கோ. சட்டியைத் திறந்து காட்டுங்கோ. அதுக்கு மேல என்ன சாட்சி?"

அப்படித்தான் செய்வது என்று முடிவாயிற்று. இராசமலர் அடுத்தநாள் விடிய, காசுக்கு வாங்கின குறுணலில் கஞ்சி காய்ச்சி, தேங்காய் பாதி போட்ட சம்பலும் அரைத்து வைத்தாள். விலைகளைப் பாடமாக்கிக்கொண்டாள். வீட்டைக்கூட அதிகம் கூட்டவில்லை.

பத்து மணிக்கு ஒருவரும் வரவில்லை. பதினொன்று, பன்னிரண்டு. வேலிக்கு இரண்டு பக்கமும் ஆலையில் கூட வேலைசெய்யும் அயல் பெண்கள் அரைநாள் கூலியை விட்டுவிட்டு நின்றார்கள். ஒரு மணியாகும்போது ஐயாத்துரை வீதியிலிருந்து ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தான். பஸ் மதகடியில் பழுதாகிவிட்டதாம். அந்த மனிதர் பங்குனி வெயிலில் நடந்து வந்திருக்கிறார். வெள்ளைச் சேட்டு முதுகோடு ஒட்டியிருந்தது. முகம் சிவந்து, உதடு காய்ந்து, நிற்க முடியாமல் பந்தல்காலைப் பிடித்துக்கொண்டார். பெயர் நடராசா என்றார். இராசமலர் ஓடிப்போய்ச் செம்பு நிறையத் தண்ணீர் கொடுத்தாள். இரண்டு செம்பு குடித்தார்.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. நீங்கள் எந்த ஊர் என்று ஐயாத்துரை கேட்டான். மீசாலை என்றார் அவர். மீசாலை மிருசுவிலுக்குப் பக்கத்து ஊர். ஐயாத்துரை விடுவானா? யாருடைய மகன், எந்த ஒழுங்கை, தாயைக் கலியாணம் முடித்தது எங்கே என்று தோண்டித் தோண்டி, ஐந்து நிமிசத்தில் அந்த மனிதரின் பெரியதாயாரைத் தன் சித்தப்பா வழியில் உறவாக்கிவிட்டான். வந்தபோது உத்தியோகத்தராக இருந்தவர் இப்போது சொந்தக்காரராகிவிட்டார். சொந்தக்காரர், பசியோடு, மத்தியான நேரத்தில்.

இராசமலர் குசினிக்குள் போய்க் கஞ்சிச் சட்டியின் மூடியைத் திறந்தாள். பார்த்துக்கொண்டு நின்றாள். மூடினாள்.

யாரும் அவளைக் குறை சொல்லலாம். அந்த இடத்தில் நின்று பார்க்கவேண்டும். வெயிலில் நடந்து வந்த ஒரு மனிதர், தன் பக்கத்து ஊர்ப் பிள்ளை, முதல் முதலாக வீட்டு வாசலை மிதித்திருக்கிறார். அவருக்கு முன்னால் குறுணல் கஞ்சியை வைக்க அவளுக்குக் கை வரவில்லை. வேலிக்கு வெளியே நின்றவர்களுக்கும் மனம் பொறுக்கவில்லை. ஒருவரும் ஒருவரையும் கேட்கவில்லை. வேலிப் பொட்டுக்குள்ளால் சாமான் வரத் தொடங்கியது. விமலேஸ்வரி என்ற பெண், திருவிழாவுக்கு வைத்திருந்த ஒரு கொத்துப் பச்சை அரிசியை மடியில் கொண்டுவந்தாள். கமலாசனி மரை வத்தல் ஒரு பிடி கொண்டுவந்தாள், தமையன் காட்டில் வேட்டையாடியது. இன்னொருத்தி எருமைத் தயிர். இன்னொருத்தி தேன். முருங்கைக்காய், வெங்காயத்தாள், பொரிக்க ஒரு மிளகாய். இதெல்லாம் வேண்டாம் என்று முதல்நாள் சொன்ன சபூறாவே, தன் கோழி அன்றைக்கு இட்ட முட்டையையும் முந்தாநாள் இட்ட இரண்டு முட்டைகளையும் முந்தானையில் பொத்திக்கொண்டு வந்தாள்.

"என்ன செய்யிறது மலரக்கா, மனிசன் பாவம்" என்றாள்.

ஐயாவை நல்லாய்க் கவனித்தால் நல்லாய் எழுதுவார் என்றும் ஒருத்தி சொன்னாள். அது எல்லாருக்கும் நியாயமாகப்பட்டது. ஒரு மணித்தியாலத்தில் வாழை இலையில் வெள்ளைச் சோறு, மரை வத்தல் குழம்பு, முட்டைப் பொரியல், முருங்கைக்காய்ப் பால்கறி, தயிர், தேன். தேங்காய்ப்பாலுக்கு மட்டும் மஜீத் நானா கடையில் இருபத்துமூன்று சதம் கொடுத்து ஒரு தேங்காய் வாங்கினாள். அந்த விருந்தில் அவள் காசு கொடுத்து வாங்கியது அது ஒன்றுதான்.

நடராசா சாப்பிட்டார். மூன்று தரம் சோறு போட்டார்கள். கொழும்பில் ஐந்து ரூபாய் கொடுத்தாலும் இப்படி ஒரு சாப்பாடு கிடையாது என்றார். கை கழுவி, வெற்றிலை போட்டு, பையைத் திறந்து ஒரு நீளப் படிவத்தை எடுத்தார். இராசமலர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் இருட்டுக் குசினிக்குள் சபூறா.

அவர் நல்ல மனிதர்தான். ஒழுங்காகக் கேட்டார். முட்டை எவ்வளவுக்கு வாங்குவீர்கள்? வாங்குவதில்லை, சபூறா தருவாள். இறைச்சி? கமலாசனியின் தமையன். தயிர்? வயற்காரர் தருவார்கள். தேன், விறகு, கீரை? காட்டில் கிடக்கிறது. அவர் ஒவ்வொன்றையும் எழுதி, விலை என்ற நிரலில் ஒரு கோடு போட்டுக்கொண்டே வந்தார். அந்தக் கோடு இறங்கி இறங்கி வருவதை இராசமலர் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சொல்லுங்கோ அக்கா என்று சபூறா பின்னால் முதுகில் இடித்தாள். என்னத்தைச் சொல்வது? நீங்கள் சாப்பிட்டது எங்கள் சாப்பாடு இல்லை, நாலு வீட்டில் வாங்கினது என்று சாப்பிட்டு ஈரம் காயாத கையோடு இருக்கிற மனிதரிடம் சொல்வதா? உண்ட சோறு அவருக்குக் கசந்துபோகும். அந்த நேரத்தில் ஐயாத்துரை வேறு, வெற்றிலையைக் கொடுப்புக்குள் ஒதுக்கிக்கொண்டு, இங்கே எங்களுக்கு ஒன்றுக்கும் குறைவில்லை தம்பி, நீங்கள் எப்ப வந்தாலும் சாப்பிடலாம் என்றான். காணி கிடைக்காமல் கொட்டிலில் கிடக்கிற மனிதன், ஊர்க்காரனைக் கண்டதும் அந்தக் கதையை ஊருக்குக் கொண்டுபோகவேண்டாம் என்று நினைத்தானோ என்னவோ. இராசமலர் அவனைப் பார்த்த பார்வைக்கு இன்னொருவனாயிருந்தால் எழும்பிப் போயிருப்பான்.

கடைசியில் அவள் வாயைத் திறந்தாள்.

"இண்டைக்கு மட்டும்தான் ஐயா இப்பிடி. மற்ற நாளிலை குறுணல் கஞ்சிதான்."

நடராசா சிரித்தார். "எங்கட ஆக்களின்ர குணம் எனக்குத் தெரியாதே அக்கா? என்ரை அம்மாவும் உப்பிடித்தான். எட்டுக் கறி காய்ச்சிப் போட்டு, ஒண்டுமில்லை, சும்மா சாப்பிடுங்கோ எண்டுவா."

தண்ணீர் கொடுக்க முன், இலை போட முன், படலையடியில் வைத்துச் சொல்லியிருந்தால் அது விலை. சோறு போட்ட பிறகு சொன்னால் அது உபசாரம். இராசமலர் பாடமாக்கி வைத்த விலையெல்லாம் படிவத்தில் ஏறாமலே போயிற்று. நாலரை மணிப் பஸ்ஸுக்கு அவரை ஐயாத்துரை கொண்டுபோய் ஏற்றிவிட்டான், ஒரு போத்தல் தேனோடு.

ஐந்து மாதத்தில் கடிதம் வந்தது. யோகநாதன்தான் வாசித்துச் சொன்னார். மேற்படி பகுதியில் தொழிலாளர் குடும்பங்கள் உணவுப் பொருட்களிற் பெரும்பாலானவற்றை விலையின்றிப் பெற்றுக்கொள்வது நேரிற் காணப்பட்டமையால், நகரச் சம்பளத்தைக் கொடுப்பதற்கு ஆதாரம் இல்லை.

அந்த வருச மாரியில் இராசமலரின் கூரையில் ஒரு புதுக் கிடுகும் ஏறவில்லை. தளத்தில் மற்றப் பெண்களின் வாய் சும்மா இருக்கவில்லை. விருந்து வைத்துச் சம்பளத்தைத் தின்னக் கொடுத்தவள் என்றார்கள். இன்னும் இரண்டு முட்டை பொரித்திருந்தால் உள்ளதிலும் குறைத்திருப்பாங்கள் என்றார்கள். மரை வத்தல் கொண்டுவந்த கமலாசனியே மரை வத்தலைச் சொல்லிக் குத்தினாள். பச்சை அரிசி கொண்டுவந்த விமலேஸ்வரியே வெள்ளைச் சோற்றைச் சொல்லிச் சிரித்தாள். இராசமலர் காலை இழுத்துக்கொண்டு நடந்தாள். அவளுக்கு எரிச்சல் அவர்கள்மேல் மட்டும் இல்லை. மதகடியில் பழுதான பஸ்ஸின்மேல், மீசாலையின்மேல், ஐயாத்துரையின் வெற்றிலையின்மேல், தேங்காயை எழுத வெட்கப்பட்ட யோகநாதனின் பேனையின்மேல். எல்லாவற்றிலும் கூட, மூடியைத் திறந்து மூடின தன் கையின்மேல்.

ஒருநாள் சபூறாதான் மற்றவர்களின் வாயை அடைத்தாள். கால் இழுப்பதை நிறுத்திவிட்டு, எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள்.

"மூண்டு முட்டை என்ரை. மற்றது உங்கட உங்கட. மலரக்காவின்ரை அந்த ஒரு தேங்காய்தான். இனி ஆர் கதைக்கிறியளோ, முதல் தாங்கள் கொண்டு வந்ததைச் சொல்லிப்போட்டுக் கதையுங்கோ."

அதன்பிறகு அந்தக் கதை தளத்தில் எடுபடவில்லை.

இராசமலர் அன்றிலிருந்து தொடங்கியதுதான் படலைக் கேள்வி. யார் வந்தாலும் விலை கேட்பாள், தண்ணீர் கொடுக்க முன். வந்தவர் எந்த ஊரோ அந்த ஊர் விலை. வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போய் வந்தவர்களிடம் முள்ளியவளை விலை. லொறிக்காரரிடம் குருநாகல் விலை. கொழும்பில் வேலை பார்க்கிறவர்களிடம் கொழும்பு விலை. எழுதி வைப்பதில்லை, எல்லாம் மனதிலேதான். தேங்காயைப் பிடித்துக்கொண்டால் மற்ற விலைகளும் தானாக வரும் என்பாள். ஒரு ஊர் தேங்காய்க்கு என்ன கொடுக்கிறது என்று சொன்னால், அந்த ஊர் ஏழையின் சட்டியில் என்ன இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்துவிடும்.

அறுபத்துமூன்றில் இரண்டாவது பெட்டிசம் போயிற்று. இந்தத் தரம் யோகநாதனுக்குப் பக்கத்தில் நின்று அவள் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். நடுவில் ஒரு தரம் அவர் தாங்கொணா என்று தொடங்கியபோது, "அது வேண்டாம் ஐயா, இருபத்தாறு சதம் எண்டு போடுங்கோ" என்றாள். அவர் அதையே போட்டார்.

மறுபடி ஒரு உத்தியோகத்தர் வந்தார். வேறொருவர், வயதானவர், குடை பிடித்துக்கொண்டு சரியாகப் பத்து மணிக்கு வந்தார். ஐயாத்துரையை அவள் விடியவே வயலுக்கு அனுப்பியிருந்தாள். படலையில் கையை வைத்துக்கொண்டு, உள்ளே விடாமல், "ஐயா குறை நினைக்காதேங்கோ, முதல் எழுதுங்கோ, பிறகு தண்ணி தாறன்" என்றாள். அவர் குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றபடியே பதினொரு சாமானின் விலையை எழுதினார். பிறகு உள்ளே கூட்டிப்போய்ச் சட்டியைத் திறந்து காட்டினாள். குறுணல் கஞ்சி. அந்தக் கஞ்சியையே அவருக்கும் ஊற்றிக் கொடுத்தாள். கொடுக்கும்போது அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, அவர் காணாமல் துடைத்துக்கொண்டாள். அவர் ஒரு கோப்பை குடித்தார். நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. அதற்காக அவள் அவரை இன்றைக்கும் மதிக்கிறாள்.

அந்தத் தரம் பதில் வேறு மாதிரி வந்தது. செலவு உண்டு என்று ஒப்புக்கொண்டார்கள். ஆனால் நெளுக்குளத்தில் பற்றுச்சீட்டுக் கொடுக்கும் கடை ஒன்றும் இல்லாதபடியால், விலைகளை வவுனியா நகரக் கடைகளிற் பார்த்துச் சரிபிழை பார்த்தார்களாம். நெளுக்குளத்தார் நெளுக்குளத்து விலை கொடுத்துச் சாப்பிட, அவர்களுக்குரிய சம்பளத்தைப் பட்டணத்து விலையில் பார்த்திருக்கிறார்கள். மஜீத் நானா, தன்னிடம் எப்போதாவது ஒரு பற்றுச்சீட்டுக் கேட்டிருந்தால் நூறு எழுதித் தந்திருப்பேனே என்று தலையில் கை வைத்துக்கொண்டார். அப்படியும் வித்தியாசம் நாற்பத்தைந்து சதத்திலிருந்து முப்பது சதமாகக் குறைந்தது. அந்தப் பதினைந்து சதத்தைச் சேர்த்துச் சேர்த்துத்தான் அறுபத்தைந்தில் கூரை முழுக்கப் புதுக் கிடுகு போட்டாள்.

இது அறுபத்தெட்டாம் ஆண்டு. மதகடிக் கல்லுக்கு அங்காலே நாட்கூலி இரண்டு ரூபாய் அறுபது, இங்காலே இரண்டு ரூபாய் முப்பது. தேங்காய் பட்டணத்தில் இருபத்தேழு சதம், மஜீத் நானா கடையில் முப்பத்திரண்டு. இராசமலர் இப்போதும் அப்புத்துரையின் ஆலையில் கால் இழுக்கிறாள். மூன்றாவது பெட்டிசம், மஜீத் நானாவின் பற்றுச்சீட்டுகள் நாற்பதோடு, சித்திரையில் போயிற்று. இன்னும் பதில் வரவில்லை.